சுவரோரம் பிழைத்த மின்னோட்டம்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெர்ன்ட் மத்தியாஸும் ஹாரி சூலும் 1960இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். சில உலோகக்கலவைகளில் காந்தத்தன்மையும், மின்தடையே இல்லாத மீக்கடத்தலும் ஒருங்கே இருப்பதுபோலத் தெரிந்தது. இது எப்படி என்பதற்கு அவர்கள் சொன்ன பதில் அன்றைக்கு யாரும் எதிர்பாராதது. இரண்டும் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை. உலோகத்தின் பெரும்பகுதியைக் காந்தம் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு காந்தப் பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எல்லைச் சுவரில் மட்டும் மீக்கடத்தல் ஒண்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள். இந்தக் கருத்து ஓர் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள். தேவையான கோட்பாடு இல்லாததால் இந்தத் தாமதம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. கோட்பாடு அநேகமாக முழுமையாகவே கையில் இருந்தது. காந்தமும் மீக்கடத்தலும் ‘எந்தப் பொருளில்’ சேரும் என்று இயற்பியலாளர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். பொருளுக்குள் ‘எந்த இடத்தில்’ என்று கேட்கத் தேவையான கண்ணும் மாதிரியும் அவர்களிடம் இல்லை. இந்த வரலாற்றின் திருப்பங்கள் எல்லாம் அந்தக் கேள்வி மாறிய கதைதான் என்பது என் வாதம்.

இரண்டுக்கும் இடையிலான பகை மீக்கடத்தல் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கிய காமர்லிங் ஆன்னஸ், 1911இல் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வினுக்கு அருகே திடீரென மறைவதைக் கண்டார். தடையில்லாத கம்பி கிடைத்ததும் அவருக்கு வந்த முதல் ஆசை, அதைச் சுருளாகச் சுற்றி 1,00,000 காஸ் வலிமையுள்ள மின்காந்தம் செய்வது. காரீயக் கம்பியைச் சுற்றிப் பார்த்தபோது, சில நூறு காஸ் புலத்திலேயே மீக்கடத்தல் செத்துப்போனது. 1933இல் பெர்லினில் மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் அந்தப் பகையின் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: மீக்கடத்தி தன் உடம்புக்குள் காந்தப்புலத்தை இருக்க விடாது, வெளியே தள்ளிவிடும். ஒன்று மற்றொன்றை விரட்டுகிறது, அல்லது அதனால் அழிகிறது என்ற படிமம் இப்படித்தான் உருவானது. அது பிழையான படிமம் இல்லை. ஆனால் அதில் பொருள் முழுவதும் ஒரே சீரானது என்ற அனுமானம் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

காந்தப் பொருள் சீரானது அல்ல என்பது அதே காலத்தில், வேறு மனிதர்களால் தெளிவாகிக்கொண்டிருந்தது. சாதாரண இரும்புத் துண்டு ஏன் காந்தமாக இல்லை என்ற பழைய புதிருக்கு 1907இல் பியர் வைஸ் விடை சொன்னார். இரும்புக்குள் ஒவ்வொரு சிறு பகுதியும் முழுக் காந்தமே. ஆனால் பகுதிக்குப் பகுதி திசை வேறு, அதனால் மொத்தத்தில் ரத்தாகிவிடுகிறது. 1919இல் பார்க்ஹௌசன் இரும்பைச் சுற்றிய கம்பிச் சுருளை ஒலிபெருக்கியோடு இணைத்து, காந்தப்புலம் மாறும்போது அந்தப் பகுதிகள் திசை மாறும் படபடப்பைக் காதால் கேட்க வைத்தார். 1931இல் பிரான்சிஸ் பிட்டர் நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களைக் காந்தத்தின் மேற்பரப்பில் பரப்பினார். புலம் கசியும் இடங்களில் துகள்கள் கோடு கோடாகப் படிந்தன. அடுத்த ஆண்டே ஃபெலிக்ஸ் பிளாக், ஒரு பகுதிக்கும் இன்னொன்றுக்கும் இடையே திசை சட்டென்று புரள்வதில்லை, பல நூறு அணுக்களின் அகலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்று காட்டினார். 1935இல் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் அந்தச் சுவர்களின் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். மீக்கடத்தலின் ஆய்வாளர்கள் கண்டுகொள்ளாத இந்தச் சுவர் 1935க்குள் எண்களோடு கையில் இருந்த ஒன்று.

பகைக்கு இரண்டு வழிகள் உண்டு என்பது 1950களின் பிற்பாதியில் பிடிபட்டது. சோவியத் ஒன்றியத்தில் கின்ஸ்பர்க் 1956இல் முதல் வழியை எழுதினார்: காந்தப் பொருள் தனக்குள்ளேயே உண்டாக்கும் காந்தப்புலம் பெரும்பாலான மீக்கடத்திகள் தாங்கக்கூடியதை விடப் பெரியது. அடுத்த ஆண்டு பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் தந்த கோட்பாட்டிலிருந்து இரண்டாவது வழி வந்தது. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடியாகச் செல்கின்றன. ஜோடியில் ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கி இருந்தால் மற்றதன் தற்சுழற்சி கீழ்நோக்கி இருக்கும். காந்தத்தின் பரிமாற்ற விசையோ எல்லாத் தற்சுழற்சியையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கிறது. இரும்பில் இந்த விசை 1,043 கெல்வின் வரை காந்தத்தைத் தாங்கி நிறுத்தும் வலிமை கொண்டது. மீக்கடத்தலோ அன்று அறியப்பட்ட எந்த உலோகத்திலும் 20 கெல்வினைத் தாண்டவில்லை. 1962இல் கிளாக்ஸ்டனும் பி.எஸ். சந்திரசேகரும் (விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் வேறொருவர்) தனித்தனியாக இதற்கு ஒரு வரம்பு கண்டார்கள்: மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையின் ஒவ்வொரு கெல்வினுக்கும் சுமார் 1.84 டெஸ்லா வரைதான் ஜோடி தாக்குப்பிடிக்கும். இந்த இரண்டு வழிகளையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்வது முக்கியம்; பின்னால் வந்த சர்ச்சைகளில் பாதி இவற்றைக் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

மத்தியாஸ் கோட்பாட்டாளர்களை அதிகம் நம்பாதவர் என்று பெயரெடுத்தவர். உலையில் உருக்கிப் பார்ப்பதே அவர் வழி. 1958இல் அவரும் சூலும் கோரன்ஸ்விட்டும் லாந்தனத்தில் கடோலினியத்தைச் சிறிது சிறிதாகக் கலந்தார்கள். நூற்றுக்கு ஓர் அணு அளவு சேர்ந்ததுமே மீக்கடத்தல் அற்றுப்போனது. இன்னும் கூட்டினால் காந்தம் தலைதூக்கியது. பிறகு சீரியம்–ருத்தீனியம் சேர்மத்தில் கடோலினியம் கலந்தபோது இரண்டின் அடையாளங்களும் ஒரே துண்டில், ஒரே வெப்பநிலையில் தெரிந்தன. 1959இல் ஆண்டர்சனும் சூலும், மீக்கடத்தலுக்குள் சிக்கிய காந்தம் ஒரே திசையில் நிற்காமல் மிகச் சிறிய கூறுகளாகத் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். 1960இன் சுவர் விளக்கம் இந்தச் சூழலில் பிறந்தது. சுவரில் காந்தத்தின் திசை திரும்பிக்கொண்டே இருக்கிறது. கூப்பர் ஜோடி சிறிய பொருள் அல்ல. தூய நியோபியத்தில் அதன் வீச்சு சுமார் 40 நானோமீட்டர். அவ்வளவு நீளமான ஜோடி, வரப்பில் நின்று இருபுற வயலிலும் கால் வைத்தவனைப் போல, சுவரின் இருபக்கத்தையும் ஒருசேரத் தொடுகிறது. ஒரு பக்கம் மேலே இழுக்க, மறுபக்கம் கீழே இழுக்க, ஜோடிக்குத் தெரிவது இரண்டின் சராசரிதான். அந்தச் சராசரி பகுதியின் நடுவில் இருப்பதைவிடக் குறைவு. ஆகவே வெப்பநிலை குறையும்போது மீக்கடத்தல் முதலில் முளைக்க வேண்டிய இடம் சுவர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மத்தியாஸின் கலவைகளில் உண்மையான நெடுந்தூரக் காந்த ஒழுங்கே இல்லை. கடோலினியம் அணுக்கள் சிறு சிறு குழுக்களாக உறைந்த நிலையே அது என்று பிற்கால அளவீடுகள் காட்டின. ஒழுங்கான காந்தப் பகுதிகளே இல்லாதபோது சுவர் எங்கிருந்து வந்தது? அப்படியானால் 1960இன் கட்டுரை தவறான பொருளுக்குச் சொன்ன விளக்கம் என்றாகிறது. ஆம், அந்தக் கலவைகளைப் பொறுத்தவரை அது தவறுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு விளக்கம் தான் எழுந்த பொருளில் பொய்த்துப்போவதும், அதிலுள்ள இயற்பியல் பொய்த்துப்போவதும் ஒன்றல்ல. அந்தக் காலத்தில் கையில் இருந்த கருவிகள் மின்தடை, காந்த ஏற்பு, வெப்ப ஏற்பு ஆகியவற்றை முழுத் துண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணாகத் தந்தன. துண்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு கனஅளவை மட்டும் நிரப்பும் சுவரில் நடப்பது அந்த எண்ணில் கரைந்துவிடும். மின்தடை மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, ஏனெனில் ஒரே ஒரு தொடர்ச்சியான இழை மீக்கடத்தினாலும் தடை பூஜ்யமாகும். ஆனால் எந்த இழை என்று அது சொல்லாது.

1977இல் கதை வேகம் பிடித்தது. மத்தியாஸும் சூலும் கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அங்கே மத்தியாஸ், மேப்பிள் ஆகியோர் அடங்கிய குழு எர்பியம், ரோடியம், போரான் மூன்றும் ஒழுங்காக அமைந்த ஒரு சேர்மத்தை ஆராய்ந்தது. அது 8.7 கெல்வினில் மீக்கடத்தியானது. இன்னும் குளிர்வித்தபோது, 0.9 கெல்வினுக்கு அருகே, காந்தமாகி மீக்கடத்தலை இழந்தது. காந்த ஒழுங்கு பிறப்பதால் மின்தடை இப்படித் திரும்பி வருவது அதுவரை காணாத காட்சி. அதே ஆண்டு ஜெனீவாவில் இஷிகாவாவும் ஃபிஷரும் ஹோல்மியம்–மாலிப்டினம்–கந்தகச் சேர்மத்தில் இதே போக்கைக் கண்டார்கள். இந்த இரண்டு சேர்மங்களிலும் கலப்படமும் குழுக்களும் காரணம் என்று ஒதுக்க முடியாது. ஒவ்வொரு காந்த அணுவும் படிகத்தில் தன் இடத்தில் நிற்கிறது. 1980இல் எர்பியம் சேர்மத்தில் நடந்த நியூட்ரான் சிதறல் ஆய்வு, இரண்டு நிலைகளும் தொட்டுக்கொள்ளும் அந்தக் குறுகிய வெப்பநிலை இடைவெளியில் காந்தம் சுமார் 10 நானோமீட்டர் இடைவெளியில் அலைபோல ஏறி இறங்குவதைக் காட்டியது. ஆண்டர்சனும் சூலும் சொன்ன உடைந்த காந்தத்தின் நிழல் அதில் தெரிந்தது. மத்தியாஸ் அந்த ஆண்டு அக்டோபரில் இறந்தார்.

1984இல் மாஸ்கோவில் புஸ்தின், புலாயெவ்ஸ்கி, பன்யுகோவ் மூவரும் காந்தத்தின் சுவரில் மீக்கடத்தல் நிலைக்க முடியுமா என்பதை முறையாகக் கணக்கிட்டு, முடியும் என்று எழுதினார்கள். அதாவது 1960இன் ஊகம் சமன்பாடாகிவிட்டது. அப்படியும் இருபது ஆண்டுகள் பிடித்தன. கணக்கு கேட்ட நிபந்தனைகளை இயற்கைப் படிகம் எளிதில் தரவில்லை என்பதுதான் காரணம்: சுவரின் அகலமும் ஜோடியின் வீச்சும் பொருந்த வேண்டும், பரிமாற்ற விசை மிகாமல் இருக்க வேண்டும், காந்தமும் மீக்கடத்தலும் ஒரே வெப்பநிலையில் சந்திக்க வேண்டும். இதிலிருந்து வெளியே வர ஒரு வழி, இரண்டையும் ஒரே படிகத்தில் தேடுவதை விட்டுவிட்டு இரண்டு அடுக்குகளாகச் செய்வது. காந்தம் ஓர் அடுக்கு, மீக்கடத்தி அதன்மேல் இன்னோர் அடுக்கு. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகத் துணிவான நகர்வு இதுவே, ஏனெனில் பகையாளிகளைப் பிரித்து வைத்த பிறகு எந்த வழியாகப் பகை பாய்கிறது என்பதை ஆய்வாளரே தீர்மானிக்க முடிகிறது.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் மோஷ்சால்கோவின் குழு 2004இல் செய்த மாதிரியைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். அடியில் பேரியம் ஃபெரைட் ஒற்றைப் படிகம். மலிவான ஒலிபெருக்கிகளின் கருப்புக் காந்தம் எந்தச் சேர்மத்தால் ஆனதோ அதே சேர்மம். அதை வழவழப்பாக மெருகிட்டால் மேற்பரப்புக்கு மேலே காந்தப்புலம் பட்டை பட்டையாக மேலும் கீழும் மாறி மாறிக் கசிகிறது. அதன்மேல் மெல்லிய சிலிக்கான் அடுக்கு. அதற்கும் மேலே நியோபியம் மென்படலம். நடுவிலிருக்கும் சிலிக்கான் சாதாரணமாகத் தெரிந்தாலும் வாதத்தின் அச்சாணி அதுதான். எலக்ட்ரான்கள் காந்தத்துக்குள் போய்வர அது விடாது. எனவே பரிமாற்ற விசை நியோபியத்தை எட்டாது. கசிவுப் புலம் மட்டுமே எட்டும். பட்டையின் நடுவில் அந்தப் புலம் வலுவானது, சுவருக்கு நேர் மேலே அது ஒரு திசையிலிருந்து எதிர்த் திசைக்கு மாறுவதால் பூஜ்யத்தைக் கடக்கிறது. குளிர்விக்கும்போது மீக்கடத்தல் முதலில் சுவர்களுக்கு மேலே மெல்லிய கோடுகளாகப் பிறந்தது. வெளியிலிருந்து ஒரு காந்தப்புலத்தைச் செலுத்தியதும் சமநிலை நகர்ந்தது: வெளிப்புலத்துக்கு எதிர்த் திசையிலுள்ள பட்டைகளின் மேல் இரண்டு புலங்களும் ஒன்றையொன்று ரத்து செய்ய, மீக்கடத்தல் சுவரை விட்டு அந்தப் பட்டைகளுக்கு மேலே குடிபெயர்ந்தது. மீக்கடத்தலைக் கொல்வதற்கென்றே அறியப்பட்ட வெளிப்புலம், அது எங்கே வாழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கருவியாகிவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது: இது 1960இல் நினைத்த சுவர் மீக்கடத்தல் அல்லவே, வெறும் கசிவுப் புலத்தின் கழித்தல் கணக்குதானே, தற்சுழற்சியைப் பற்றி இது எதையும் நிரூபிக்கவில்லையே. மறுப்பு சரிதான், அதனால்தான் அதே 2004இல் லைடனில் நடந்த சோதனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே ருசனோவ், ஆர்ட்ஸ் ஆகியோர் நியோபியத்தை நிக்கல்–இரும்புக் கலவையான பெர்மலாயின் மேல் நேரடியாகப் படியவிட்டார்கள். நடுவில் தடுப்பு இல்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் புஸ்தினும் ஒருவர். காந்த அடுக்கு முழுதும் ஒரே திசையில் இருந்தபோது மீக்கடத்தல் சற்றே தாழ்ந்த வெப்பநிலையில்தான் வந்தது. திசை மாறும் தறுவாயில், அடுக்கு முழுதும் சுவர்கள் நிறைந்திருந்தபோது, மாறுநிலை வெப்பநிலை கொஞ்சம் உயர்ந்தது. ஜோடி பல திசைகளைச் சராசரியாக்கிக்கொள்கிறது என்ற 1960இன் வாதம் இங்கே நேராகவே பேசுகிறது. ஆனால் 2006இல் ஷ்டைனரும் ட்ஸீமானும் இரும்பு, கோபால்ட் அடுக்குகளோடு செய்த சோதனைகளில் இதற்கு நேர் எதிரானது நடந்தது: சுவர்கள் பெருகியபோது மீக்கடத்தல் தளர்ந்தது. இந்தக் காந்தங்களின் திசை படலத்தின் தளத்திலேயே கிடக்கிறது. அவற்றில் புலம் வெளியே கசிவது பகுதிகளின் நடுவில் அல்ல, சுவர்களில். ஆகவே பேரியம் ஃபெரைட்டில் அடைக்கலமான சுவர் இங்கே தாக்குகிறது. முரண்போல் தோன்றும் இந்த முடிவுகள், முன்பு சொன்ன இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்த்தால் முரணாக இல்லை: தற்சுழற்சி வழியில் சுவர் உதவுகிறது, கசிவுப் புலத்தின் வழியில் காந்தத்தின் திசையைப் பொறுத்து உதவவோ கெடுக்கவோ செய்கிறது. எது மேலோங்கும் என்பதை அடுக்குகளின் தடிமனும் இடைப்பட்ட எல்லையின் தரமும் முடிவு செய்கின்றன. ‘சுவர் மீக்கடத்தலுக்கு நல்லது’ என்று பொதுவிதி எழுத நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மின்தடையை வைத்து ஊகித்ததைக் கண்ணால் பார்த்தது அடுத்த படி. 2006இல் காந்தப் பட்டைகளுக்கு மேல் படிந்த காரீயப் படலத்தின் மீது ஆய்வாளர்கள் லேசர் புள்ளியை நகர்த்தி, எந்த இடம் சூடானால் மின்தடை மாறுகிறது என்று இடம் இடமாக வரைந்து, எதிர்த்திசைப் பட்டைகளில் மட்டும் மீக்கடத்தல் இருப்பதைப் படமாக்கினார்கள். 2014இல் மரியா இயவரோனேயும் உடனுழைத்தவர்களும் கோபால்ட்–பல்லேடியம் அடுக்குகளின் மேல் காரீயத்தை வைத்து, ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியால் சுவர் மேலும் பட்டை மேலும் எலக்ட்ரான்களின் ஆற்றல் இடைவெளியையே நேரடியாக அளந்தார்கள். ‘எந்த இடத்தில்’ என்ற கேள்விக்கு அது கேட்கப்பட்ட வடிவத்திலேயே விடை கிடைத்தது அப்போதுதான்.

மனிதர் அடுக்கியவற்றில் கண்டதை இயற்கையே அடுக்கிய படிகங்களில் காண முடியுமா? இதற்கு முக்கியமான பொருள் இந்தியாவிலிருந்து வந்தது. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் நாகராஜன், குப்தா, விஜயராகவன் உள்ளிட்டோர் இட்ரியம்–நிக்கல்–போரான் சேர்மத்தில் தெரிந்த மங்கலான மீக்கடத்தலைத் துரத்திச் சென்று, கார்பன் சேர்ந்தால் அது சுமார் 12 கெல்வினில் முழுமையாக வருவதை 1994இல் அறிவித்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்தின் காவா குழுவும் அதே ஆண்டு இந்தக் குடும்பத்தின் சேர்மங்களை வெளியிட்டது. இட்ரியம் போன்ற அருமண் தனிமமும் கார்பனும் சேர்ந்த அடுக்கும் நிக்கல்–போரான் அடுக்கும் மாறி மாறி அமைந்த படிகம் அது. அருமண் இடத்தில் எர்பியம் அமர்ந்தால், சுமார் 11 கெல்வினில் மீக்கடத்தலும் 6 கெல்வினில் எதிர்காந்த ஒழுங்கும் (காந்த அணுக்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்யும் ஒழுங்கு) வந்து, இரண்டும் சண்டையின்றிச் சேர்ந்து நிற்கின்றன. 2005இல் வின்னிகோவும் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வாளர்களும் பிட்டரின் பழைய உத்தியை இதன்மேல் பயன்படுத்தினார்கள். மீக்கடத்திக்குள் காந்தப்புலம் நுழையும்போது அது சிறு சிறு சுழல்களாகவே நுழைகிறது. குளிர்ந்த படிகத்தின் மேல் இரும்பை ஆவியாக்கினால் ஒவ்வொரு சுழலின் தலையிலும் நுண்துகள்கள் குவிந்து ஒரு வெள்ளைப் புள்ளியாகும். 6 கெல்வினுக்கு மேலே ஒழுங்காகப் பரவியிருந்த புள்ளிகள், எதிர்காந்தம் வந்ததும் நேர்க்கோடுகளில் வரிசையாகச் சேர்ந்தன. அந்தக் கோடுகள் எதிர்காந்தப் பகுதிகளின் சுவர்கள். சுழல்கள் நகர்ந்தால்தான் மீக்கடத்தியில் மின்னோட்டத்துக்குத் தடை வரும். சுவர் அவற்றைப் பிடித்து நிறுத்தினால் படிகம் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும். ஜோடிகளுக்கு இடம் கொடுத்த சுவரை முதலில் பார்த்தோம்; இங்கே அது சுழல்களைச் சிறைபிடிக்கிறது. இந்த இரண்டாவது வேலையைத்தான் பொறியியல் அதிகம் மதிக்கும் என்று நினைக்கிறேன்.

சுவரே வேண்டாத சேர்க்கையும் உண்டு என்று 2000 முதல் வந்த யுரேனியம் சேர்மங்களைக் காட்டுவார்கள். கேம்பிரிட்ஜில் சக்சேனா உள்ளிட்டோர் 2000இல் அறிவித்த யுரேனியம்–ஜெர்மேனியம் சேர்மம் உயர் அழுத்தத்தில், காந்தமாக இருந்தபடியே மீக்கடத்தியானது. அதில் ஜோடியின் இரு எலக்ட்ரான்களும் ஒரே பக்கத் தற்சுழற்சி கொண்டவை என்று கருதப்படுகிறது. பரிமாற்ற விசை அவற்றைப் பிரிப்பதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட சாதாரண ஜோடிகளுக்கு மட்டுமே சுவர் புகலிடமாகிறது என்று என் வாதத்தின் எல்லை இங்கே குறுகுகிறது. ஆனால் சுவருக்கு இங்கேயும் வேலை இல்லாமல் போகவில்லை. 2001இல் பெர்ஜெரெட், வோல்கோவ், எஃபெடோவ் மூவரும், சாதாரண மீக்கடத்தியை ஒட்டியுள்ள காந்தத்தில் திசை திரும்பிக்கொண்டே இருந்தால், அந்தத் திருப்பமே எதிரெதிர் ஜோடியை ஒரே பக்க ஜோடியாக மாற்றிக் காந்தத்துக்குள் நெடுந்தூரம் அனுப்பும் என்று காட்டினார்கள். திசை திரும்பும் இடம் என்றால் அது சுவர்தானே.

அடுக்குப் படிகங்களில் இன்னொரு சான்று யூரோப்பியமும் பாஸ்பரசும் கலந்த இரும்பு–ஆர்செனிக் சேர்மத்திலிருந்து வருகிறது. அது சுமார் 24 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. 19 கெல்வின் அளவில், யூரோப்பியம் அடுக்குகள் காந்தமாகின்றன. 2018இல் ஸ்டொல்யாரோவும் உடனுழைத்தவர்களும் காந்த ஊசி முனையுள்ள நுண்ணோக்கியால் இதன் பரப்பை வருடினார்கள். காந்தம் பிறந்த உடனே தெரிந்தவை மிக நெருக்கமான மெல்லிய பட்டைகள்; மீக்கடத்தல் காந்தத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, எங்கு பார்த்தாலும் சுவராக ஆக்கியிருந்தது. ஆண்டர்சனும் சூலும் கணக்கிட்ட வழி தற்சுழற்சியுடையது, இங்கே வேலை செய்வது புலத்தை வெளியே தள்ளும் மைஸ்னர் மின்னோட்டம். ஆனாலும் 1959இல் காகிதத்தில் எழுதப்பட்ட உடைந்த காந்தத்தின் உருவம் இங்கே படமாகவே கிடைத்தது. இன்னும் ஒன்றிரண்டு கெல்வின் குளிர்ந்ததும் பட்டைகள் அகன்றன. ஒரு பட்டையில் சுழல்களும் பக்கத்துப் பட்டையில் எதிர்ச்சுழல்களும் தாமாகவே தோன்றின. காந்த ஊசிக்குத் தெரிவது புலம் மட்டும்தான், ஜோடிகள் தெரியாது. அந்தச் சுவர்களில் ஜோடிகள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று அறிய, காரீயப் படலத்தில் 2014இல் செய்ததைப் போன்ற ஊடுருவு மின்னோட்ட அளவீட்டை இதே படிகத்தின் பரப்பில், இதே குறுகிய வெப்பநிலை இடைவெளியில், சுவரின் குறுக்கே நானோமீட்டர் நானோமீட்டராகச் செய்தாக வேண்டும்.